72,000 ரூபாய் கேமரா வாங்குறதுக்கு முன்னாடி உங்க போன் கேலரியை ஆடிட் பண்ணுங்க



போன மாசம் அதியமான்கோட்டையில் இருந்து என் சித்தப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன். 72,000 ரூபாய். நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் ஆறாயிரம், பன்னிரண்டு மாசம். வட்டியே இல்லையாம். போட்டுடட்டுமா?"

தம்பிக்கு ஓசூரில் வேலை. கையில் வர்ற சம்பளம் 38,000. வாரம் முழுக்க அங்கே ரூம். சனிக்கிழமை பஸ் பிடிச்சு தருமபுரி வழியா ஊருக்கு வந்துடுவான். சினிமா, பைக், கேட்ஜெட்னு செலவு பண்ற ஆள் கிடையாது. அதனால, "திடீர்னு எதுக்குடா கேமரா?"ன்னு கேட்டேன்.

பதிலுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ஸ்கூல் ஆண்டு விழா. ஆறு வயசு மகள் அவ்வையார் வேஷத்தில் தடி ஊன்றி நிற்கிறாள். அதியமான் வேஷம் போட்ட பையன் நெல்லிக்கனியை நீட்டுறான். ஊர்ப் பெயரிலேயே அதியமான் இருக்கும்போது வேற நாடகம் போடுவாங்களா? தம்பி பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, ரெண்டு விரலால் திரையை இழுத்து இழுத்து ஜூம் பண்ணி எடுத்திருக்கான். குழந்தை முகம் தண்ணியில் கரைஞ்ச பெயின்ட் மாதிரி இருக்கு. அவ பேசின வசனத்தில் ஒரு வார்த்தை கேட்கலை. பக்கத்து சீட்டில் யாரோ முறுக்கு கடிக்கிற சத்தம்தான் தெளிவா பதிவாகியிருக்கு.

"அவ்வளவுதான்ணா. மறுபடி எடுக்க முடியாதுல்ல?"

அந்தக் கேள்வி நியாயமானது. கேமராவை வெறும் ஆடம்பரம்னு ஒதுக்குற ஆள் நானும் இல்லை. ஆனா "கேமரா வேணும்"ங்கிறதும் "இந்த 72,000 ரூபாய் கேமரா வேணும்"ங்கிறதும் ரெண்டு வேற விஷயம். ரெண்டுக்கும் நடுவில் போட வேண்டிய கணக்கைத்தான் இன்னைக்கு பார்க்கப் போறோம்.

முதல் வேலை: கேலரி ஆடிட்

ஒரு கம்பெனியை ஆடிட் பண்ணும்போது எல்லா பில்லையும் பார்க்க மாட்டோம். சாம்பிள் எடுப்போம். அதையே தம்பி போனில் செஞ்சேன். கடந்த ஒரு வருஷத்தில் எடுத்த படங்களில் இருந்து, மாசத்துக்கு எட்டோ ஒன்பதோ, மொத்தம் 100 படம், வீடியோ. ஸ்க்ரீன்ஷாட், பார்வர்டு எல்லாம் நீக்கிட்டு.

100-ல் 78 நல்லாவே இருந்தது. கெட்டுப்போன 22-ஐ காரணம் வாரியா பிரிச்சோம்:

- இருட்டு, அதனால் மங்கலோ ஆட்டமோ: 9
- ரொம்ப தூரம்: 5
- லென்ஸில் கைரேகை, விரல் மறைச்சது, வெயிலுக்கு எதிரா எடுத்தது: 8

கடைசி எட்டுக்கு மருந்து ஒரு துணி, கொஞ்சம் பொறுமை. கேமரா வேண்டியதில்லை. மீதி 14-க்கு ஒரு கேமரா உதவலாம். இதில் சத்தம் கேட்காத வீடியோக்களைத் தனியா எண்ணினோம். எடுத்த வீடியோக்களில் பாதிக்கு மேல அந்தப் பிரச்சினை இருந்தது. அதுக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே கிடையாது. அதுக்கு வேண்டியது மைக்.

இந்த ஆடிட்டை நீங்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்யுங்க. உங்க கெட்ட படங்கள் எந்த வகைன்னு தெரிஞ்சா, எந்த கேமரான்னு பாதி முடிவு அங்கேயே வந்துடும்.

ஒரு நாள் வாடகை, ஒரு நாள் பாடம்

தருமபுரியில் கல்யாண போட்டோகிராபர்களுக்கு கேமரா வாடகைக்கு விடுற ஒருத்தர்கிட்ட, தம்பி பார்த்து வச்ச அதே மாடலை ஒரு நாளைக்கு 1,200 ரூபாய்க்கு எடுத்தோம். கூடவே வர்ற கிட் லென்ஸ் ஒண்ணு, எஃப்/1.8 லென்ஸ் ஒண்ணு. ஆதார் நகலும் டெபாசிட்டும் கேட்டார்; கொடுத்தோம்.

அன்னிக்கு தேய்பிறை அஷ்டமி. எங்க ஊர் காலபைரவர் கோயிலுக்கு சுத்துவட்டார ஊர்களில் இருந்தெல்லாம் கூட்டம் வரும். சாம்பல் பூசணியில் விளக்கேத்துவாங்க. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்ன உத்தரவுக்கு அப்புறம் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை. அதனால சன்னதிப் பக்கம் எதையும் எடுத்துட்டுப் போகலை. சாயங்காலம் வெளியே, கடை வீதி வெளிச்சத்தில் மகளையும் எங்க ஆயாவையும் நிக்க வச்சு எடுத்துப் பார்த்தோம்.

இருட்டு: முதலில் கிட் லென்ஸ். கொஞ்சம் ஜூம் பண்ணி எடுத்தான். படத்தைப் பார்த்துட்டு தம்பி முகம் வாடிப்போச்சு. "போன்லயே இதைவிட நல்லா வருதேண்ணா." உண்மைதான். காரணம் இதுதான். பல போன்களின் மெயின் சென்சார் சுமார் 25 முதல் 70 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சென்சார் 330 முதல் 370. ஃபுல் ஃப்ரேம் 864. சென்சார் பெருசா இருந்தா ஒளி நிறைய சேரும். ஆனா அந்த ஒளியை உள்ளே விடுற கதவு லென்ஸ். இப்போ வர்ற பல கிட் லென்ஸ்களில் ஜூம் பண்ணினா அந்தக் கதவு எஃப்/6.3 அளவுக்குக் குறுகிடும். போன் லென்ஸ் எஃப்/1.8 பக்கத்தில் இருக்கும். அதோட, பல படங்களை எடுத்து ஒண்ணா சேர்த்து போன் தன் குறையை மறைச்சுக்கும். அதனால இருட்டில் கிட் லென்ஸ் போட்ட கேமரா நல்ல போனைத் தாண்டுறது கஷ்டம்.

அப்புறம் எஃப்/1.8 லென்ஸை மாட்டினோம். எஃப்/6.3-ஐ விட 12 மடங்கு ஒளி உள்ளே வரும். விளக்கு வெளிச்சத்தில் ஆயா முகத்தில் இருந்த ஒவ்வொரு சுருக்கமும் தெரிஞ்சது. தம்பி ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துட்டு இருந்தான். பாடிக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சத்தைக் குறைச்சு லென்ஸுக்குக் கொடுங்கன்னு போட்டோகிராபர்கள் எல்லாரும் சொல்றது இதனாலதான்.

தூரம்: மறுபடி அவ்வையார் கதைக்கு வருவோம். கிட் லென்ஸில் ஜூம் கிட்டத்தட்ட மூணு மடங்குதான். பன்னிரண்டு வரிசை தூரத்தை ஒரு இடத்தில் அளந்து நின்னு எடுத்துப் பார்த்தோம். மகள் உருவம் தெரிஞ்சது, முகம் நிறையலை. அதாவது, எந்த வீடியோ கெட்டுப்போச்சுன்னு 72,000 செலவு பண்ணக் கிளம்பினானோ, அந்த வீடியோவை இந்தக் கேமரா காப்பாத்தியிருக்காது! அதுக்கு டெலி லென்ஸ் வேணும். அது தனியா 20,000-க்கு மேல்.

செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டு மேடை ஓரத்தில் நின்னுக்கிறது. பெரும்பாலும் விடுவாங்க.

சத்தம்: கேமராவில் இருக்கிற மைக்கும் போன் மைக் மாதிரிதான், பக்கத்தில் இருக்கிற முறுக்கைத்தான் முதலில் கேட்கும். சட்டையில் குத்திக்கிற வயர்லெஸ் மைக் 1,800 ரூபாய்க்கு தம்பி வாங்கினான். வித்தியாசம் முதல் நிமிஷத்திலேயே தெரிஞ்சது.

மெகாபிக்சல்: இதைப் பத்தி கவலையே படாதீங்க. ஆல்பத்தில் ஒட்டுற 4க்கு 6 அங்குல பிரின்டுக்கு சுமார் 2 மெகாபிக்சல் போதும். ஏ4 அளவுக்கு 9-க்குள். 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேமே 8.3 மெகாபிக்சல்தான்.

அப்போ கேம்கோடர்?

நிறைய பேர் கேட்குற கேள்வி. சின்ன வயசில் மாமா ஒருத்தர் தோளில் மாட்டிட்டு வந்த அந்த ஹேண்டிகேம் ஞாபகம் எல்லாருக்கும் இருக்கும். இப்போ வீட்டு உபயோகத்துக்கான கேம்கோடரில் பெரிய ஜூம் கிடைக்கும். சோனி ஹெச்டிஆர்-சிஎக்ஸ்405-ல் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம். நீண்ட நேரம் நிறுத்தாம பதிவு பண்ணவும் வசதி. பழைய கேமராக்கள் பலதும் 29 நிமிஷம் 59 விநாடியில் தானா நின்னுடும். அரை மணி நேரம் பதிவு பண்ணினா ஐரோப்பாவில் அது வீடியோ ரெக்கார்டர் கணக்கில் வந்து கூடுதல் சுங்க வரி விழும்ங்கிறதுதான் அதுக்குப் பின்னாடி இருந்த கதை.

ஆனா அந்த மலிவு கேம்கோடரின் சென்சார், போன் சென்சாரை விடவும் சின்னது. பகலில் ஸ்கூல் மைதானத்துக்கு சரி. சாயங்காலம் மண்டபத்துக்குள் போனால் படம் கொதிக்கும்.

டிஜிட்டல் கேமரா சந்தையும் சுருங்கிப்போச்சு. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்குப்படி 2010-ல் உலகம் முழுக்க அனுப்பினது சுமார் 12 கோடி கேமரா. 2023-ல் 80 லட்சத்துக்கும் குறைவு. மலிவான சின்ன கேமராக்களின் இடத்தைப் போன் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறதில் பெரும்பாலும் விலை கூடினவை. நம்ம பட்ஜெட்டுக்கு அதனாலதான் இந்தக் கணக்கு முக்கியம்.

பெட்டியில் போட்டிருக்கிற விலை முழு விலை இல்லை

தம்பியோட பட்டியல், கடையில் விசாரிச்ச விலையில்:

- கேமரா, கிட் லென்ஸ்: 72,000
- எஃப்/1.8 லென்ஸ்: 15,000
- கூடுதல் பேட்டரி: 4,000
- மெமரி கார்டு: 2,000
- பை: 1,500

மொத்தம் 94,500 ரூபாய். டெலி லென்ஸ் இன்னும் இதில் வரலை. இந்த விலைகளில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம். கேமராவுக்கு 28 சதவீதமா இருந்தது 2019 ஜனவரி 1 முதல் 18 ஆச்சு.

மெமரி கார்டில் சிக்கனம் பிடிக்காதீங்க. 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். வி30ன்னு போட்ட கார்டு, பில்லோட, நம்பிக்கையான கடையில்.

"நோ காஸ்ட்" இஎம்ஐயின் காஸ்ட்

2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்யம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது வேற. வட்டியை வங்கி வசூல் பண்ணும். அதே தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியா முன்கூட்டியே குறைச்சிடும்.

மாசம் 6,000, 12 மாசம், வட்டி 16 சதவீதம்னு வச்சுக்குவோம். அப்போ வங்கிக் கணக்கில் கடன் சுமார் 66,130. வட்டி 5,870. இந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 1,057 ரூபாய். அது உங்க தலையில்தான். பிராசஸிங் கட்டணம் 199, ஜிஎஸ்டியோட 235. ஆக 1,292. மொத்தமா பணம் கட்டினா அந்தக் கடையில் 2,500 குறைச்சுத் தர்றதா சொன்னாங்க, அதையும் இழக்கிறோம். கூட்டினா 3,792 ரூபாய்.

தொகை சின்னதுதான், ஒத்துக்கிறேன். எனக்கு பயம் வேற இடத்தில். 38,000 சம்பளத்தில் 6,000 போனா கிட்டத்தட்ட 16 சதவீதம், ஒரு வருஷத்துக்கு. தம்பிக்கு எமர்ஜென்சி ஃபண்ட் ஒரு மாச செலவுக்குக்கூட இல்லை. நடுவில் ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா முதலில் விக்கிறது அந்தக் கேமராவாத்தான் இருக்கும், அதுவும் பாதி விலைக்கு.

"சேனல் ஆரம்பிச்சு வரியில் கழிச்சுக்கலாமே?"

சம்பள வருமானத்தில் கேமரா செலவைக் கழிக்க வழியே இல்லை. சேனலில் இருந்தோ போட்டோ வேலையில் இருந்தோ நிஜமா வருமானம் வந்தா, அந்த வருமானத்துக்கு எதிரா தேய்மானம் கேட்கலாம். வருஷத்துக்கு 15 சதவீதம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா 7.5. வீட்டு உபயோகத்துக்கான பங்கைக் கழிக்கணும். ஐடிஆர்-1 போட முடியாது.

முழுக்க தொழிலுக்கேன்னு வச்சு, டிசம்பரில் வாங்கினா 72,000-க்கு முதல் வருஷம் 5,400. 20 சதவீத வரி வரம்பில் இருக்கிறவருக்கு மிச்சம் 1,080 ரூபாய், செஸ் தனி. தம்பி மாதிரி, புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் இருந்து ரிபேட்டால் வரியே கட்டாதவருக்கு மிச்சம் பூஜ்யம். வரியை மிச்சம் பிடிக்க கேமரா வாங்காதீங்க.

வாங்குறதா, வாடகையா? "மாசம் ஒரு நாள்" கணக்கு

இதுதான் இன்னைக்கு நீங்க எழுதி வச்சுக்க வேண்டியது.

94,500 போட்டு வாங்கறோம். நாலு வருஷம் கழிச்சு எல்லாம் சேர்த்து 35,000-க்கு விக்க முடியும்னு எடுத்துக்குவோம். நிகர செலவு 59,500.

- வருஷத்துக்கு 12 நாள் எடுத்தா, நாலு வருஷத்தில் 48 நாள். ஒரு நாளுக்கு 1,240 ரூபாய்.
- வருஷத்துக்கு 40 நாள் எடுத்தா, 160 நாள். ஒரு நாளுக்கு 372 ரூபாய்.

வாடகை ஒரு நாளுக்கு 1,200. ஆக கோடு எங்கே விழுதுன்னா, மாசம் ஒரு நாள். அதுக்கு மேல கேமராவைக் கையில் எடுப்பீங்கன்னா வாங்குங்க. அதுக்குக் கீழேன்னா வாடகை லாபம். அதோட அடுத்த வருஷம் வர்ற புது மாடலும் உங்களுக்குத்தான். உங்க ஊர் வாடகையும் விலையும் வேறயா இருக்கும்; உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.

எடுப்பேனா மாட்டேனான்னு எப்படித் தெரியும்? மூணு மாசம் ஒரு டைரி. "இன்னைக்கு கேமரா இருந்திருந்தா எடுத்திருப்பேன்"னு தோணின நாளை மட்டும் குறிங்க. கூடவே, "அதை பையில் தூக்கிட்டு வந்திருப்பேனா?"ங்கிறதையும். ரெண்டாவது கேள்வியில்தான் பல பேர் தோத்துப்போறோம்.

வாங்கறதுன்னு முடிவானா

- கேனான் ஈஓஎஸ் ஆர்50, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10 மாதிரியானவை இந்த வகையில் அதிகம் பேசப்படுறவை. மூணும் ஏபிஎஸ்-சி சென்சார். மூணிலும் கை ஆட்டத்தைச் சமாளிக்க பாடிக்குள்ளேயே சென்சார் அசையுற வசதி கிடையாது. நடந்துகிட்டே வீடியோ எடுக்கிறவங்க கவனிங்க. நம்ம பக்கத்து மதிய வெயிலில் பின் திரை சரியா தெரியாது. கண் வச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர் இந்த மூணில் ஆர்50-ல் மட்டும்தான்.
- போட்டோ மட்டும் போதும்னா பழைய டிஎஸ்எல்ஆர் நல்ல விலைக்குக் கிடைக்குது. கேனான் 1500டி மாதிரி மாடலில் 4கே வீடியோ கிடையாது, அவ்வளவுதான்.
- செகண்ட் ஹேண்ட் எடுத்தா: லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு பூஞ்சை இருக்கான்னு பாருங்க. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கேளுங்க. சீரியல் நம்பர் ஒரிஜினல் பில்லோட ஒத்துப்போகணும்.
- பில் இல்லாம 8,000 குறைச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, அது பெரும்பாலும் இந்திய வாரன்டி இல்லாத சரக்கு. அந்த 8,000 தள்ளுபடி கிடையாது. உங்க வாரன்டிக்கு அவங்க போட்ட விலை.

எந்த கேமராவுக்கும் சேர்க்க வேண்டிய ஒரு செலவு

இதை என் அனுபவத்தில் இருந்து சொல்றேன். சிஏ முடிச்சு முதல் வேலையில் சேர்ந்ததும் நானும் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கினேன், இஎம்ஐயில்தான். அப்பாவோட மணிவிழாவை நானே வீடியோ எடுத்தேன். எல்லாத்தையும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு பீரோவில் வச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த டிஸ்க் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. மீட்டுத் தர்றோம்னு சொன்னவங்களாலும் முடியலை. அதுக்கு அடுத்த வருஷம் அப்பா தவறிட்டார். கேமரா இன்னும் வீட்டில் இருக்கு. நல்லாவே வேலை செய்யுது. அப்பா குரல்தான் இல்லை.

அதனால போனோ கேமராவோ, எதில் எடுத்தாலும் மூணு பிரதி. ரெண்டு வேற வேற இடத்தில் சேமிப்பு, அதில் ஒண்ணு வீட்டுக்கு வெளியே. ஒரு ஹார்டு டிஸ்க் உங்ககிட்ட, ஒண்ணு ஊரில், முக்கியமானவை மட்டும் கிளவுடில். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் லீவில் திறந்து பார்த்துடுங்க.

தம்பி என்ன பண்ணினான்?

இஎம்ஐ போடலை. வயர்லெஸ் மைக் 1,800, சின்ன ட்ரைபாட் 700, ரெண்டு ஹார்டு டிஸ்க் 10,000. மொத்தம் 12,500. மாசம் 3,000-க்கு ஒரு ஆர்டி ஆரம்பிச்சிருக்கான். மீதி 3,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கு. ஒரு வருஷத்தில் டைரியில் 12 நாளுக்கு மேல குறிச்சிருந்தா, ஆர்டி பணத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் பாடியும் எஃப்/1.8 லென்ஸும். இல்லைன்னா அடுத்த ஆண்டு விழாவுக்கு டெலி லென்ஸோட ஒரு நாள் வாடகை. டீச்சர்கிட்ட மேடை ஓரத்தில் இடம் இப்பவே சொல்லி வச்சுட்டான்.

போன ஞாயிறு மதியம் அவன் வீட்டுத் திண்ணையில், ட்ரைபாடில் போனை நிக்க வச்சு, ஆயா சேலையில் மைக்கைக் குத்தி விட்டான். மகள் அவ்வையார் வசனத்தை மறுபடி பேசினா. ஆயா அதை நிறுத்தி, தன் அம்மா தனக்குச் சொன்ன கதை வேற மாதிரின்னு ஆரம்பிச்சு, நாற்பது நிமிஷம் பேசினாங்க. ஒரு வார்த்தை விடாம பதிவாகியிருக்கு. அன்னிக்கு சாயங்காலமே மூணு பிரதி எடுத்துட்டு எனக்கு மெசேஜ் போட்டான்.

உங்க எண்களைப் போட்டுப் பார்க்கிற அந்த "மாசம் ஒரு நாள்" கணக்கை எக்செல்லில் எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் காட்டுறேன். அதுக்குள்ள அந்த கேலரி ஆடிட்டை முடிச்சு வைங்க.